சிற்பியின் அங்குலம்

தெய்வ விக்கிரகங்களின் லட்சணத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட ஏதேனும் ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்குகிற சாதாரண வாசகர், சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் பிரமனுக்கும் உரிய அளவு உத்தம தச தாளம் என்றும், அந்த அளவின்படி விக்கிரகத்தின் உயரம் 124 அங்குலம் என்றும் ஓரிடத்தில் காண்பார். தாளம் என்ற சொல்லை அவர் சங்கீதக் கச்சேரியில் கேட்டிருக்கிறார்; அங்குலம் என்ற சொல்லைத் தையற்காரரிடமும் தச்சரிடமும் கேட்டிருக்கிறார். ஆகையால் அந்த வாக்கியத்தில் அவருக்குப் புரியாத சொல் ஒன்றும் இல்லை; ஆனாலும் வாக்கியம் சொல்ல வந்த செய்தி அவருக்குக் கிட்டுவதில்லை. 124 அங்குலம் என்றால் பத்தடி நான்கு அங்குலம் ஆகிறது. அவர் கோயிலிலும் பொருட்காட்சி சாலையிலும் கண்ட செப்புத் திருமேனிகளோ பெரும்பாலும் மூன்றடி, நான்கடிக்கு உட்பட்டவை. உருவத்தின் உயரத்தைப் பேசுமிடத்தில் தாளத்துக்கு என்ன வேலை என்பதும் அவருக்கு விளங்குவதில்லை. பழைய காலத்து அளவு வேறாக இருந்திருக்கும் என்று தமக்குத் தாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

அவர் போயிருக்க வேண்டியதில்லை. ஸ்தபதிகளின் பரிபாஷையில் தாளம் என்பது காலத்தின் அளவன்று, உடலின் அளவு. விரித்த கையில் மணிக்கட்டிலிருந்து நடுவிரலின் நுனி வரையுள்ள நீளத்துக்கும், நெற்றியில் மயிர் தொடங்கும் எல்லையிலிருந்து மோவாய் வரையுள்ள முகத்தின் நீளத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பதை அவரவர் தம் கையைத் தம் முகத்தின்மேல் வைத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அந்த நீளமே தாளம். அதைப் பன்னிரண்டு கூறாக்கினால் ஒரு கூறுக்கு அங்குலம் என்று பெயர். நவ தாளம் என்று நூல்கள் சொல்லும் உருவத்தில் முகம் 12, கழுத்து 4, கழுத்தடியிலிருந்து மார்பு வரை 12, மார்பிலிருந்து உந்தி வரை 12, உந்தியிலிருந்து தொடை தொடங்கும் இடம் வரை 12, தொடை 24, முழங்கால் 4, அதற்குக் கீழுள்ள கால் 24, பாதத்தின் உயரம் 4 ஆக 108 அங்குலம்; அதாவது ஒன்பது முக நீளம். தச தாளத்தில் பத்து முக நீளமாகிய 120 அங்குலத்தை மத்தியமம் என்றும், அதற்கு நான்கு ஏறிய 124-ஐ உத்தமம் என்றும், நான்கு இறங்கிய 116-ஐ அதமம் என்றும் வகுத்து, உத்தமத்தை மும்மூர்த்திகளுக்கும் மத்தியமத்தைத் தேவியருக்கும் உரியதாக்கினார்கள்.

இங்கே அங்குலம் என்பது எந்த அளவுகோலிலும் பொறித்து வைக்கத் தக்க நீளம் அன்று என்பதுதான் விஷயத்தின் உயிர். எட்டு யவ தானியங்களை அடுக்கிப் பெறும் மானாங்குலம் என்ற நிலையான அளவும் சாஸ்திரத்தில் உண்டு; திருப்பணி செய்விப்பவரின் நடுவிரற் கணுவைக் கொண்டு எடுக்கும் மாத்திராங்குலமும் உண்டு. ஆனால் விக்கிரகத்தின் அவயவங்களை வகுப்பதற்கு உரிய அங்குலம், செய்யப்போகும் விக்கிரகத்தின் உயரத்தையே 124 கூறாக்கி, அக்கூறுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வதால் பிறப்பது. அதனை தேகலப்தாங்குலம், அதாவது தேகத்திலிருந்தே கிடைத்த அங்குலம், என்பார்கள். நம் அளவுகோலின்படி 31 அங்குல உயரமுள்ள ஒரு விக்கிரகத்தில் சிற்பியின் அங்குலம் நம்முடைய கால் அங்குலம். 62 அங்குல உயரமாயின் அதுவே அரை அங்குலம். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்று சொல்லும் வீட்டுப் பெரியவள் படியையும் ஆழாக்கையும் பற்றிப் பேசவில்லை என்பதை நாம் எவ்வளவு சுலபமாக அறிந்துகொள்கிறோமோ, அவ்வளவு சுலபமானதுதான் இதுவும். சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதிகள், உருவத்தின் உயரத்துக்குத் தென்னையோலை ஒன்றை நறுக்கிக்கொண்டு, அதை முறைப்படி மடித்து, மடிப்பு விழுந்த இடங்களையே முகம், கழுத்து, மார்பு என்று எல்லைகளாகக் கொள்ளும் வழக்கம் உடையவர்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். அந்த ஓலையை ஒருமுறை கண்ட மனிதருக்கு 124 அங்குலம் என்ற சொல்லில் எந்தக் குழப்பமும் இருக்காது.

கலையைப் பற்றிய எழுத்தில் நம்மை ஏமாற்றுவது தெரியாத சொல் அன்று, தெரிந்த சொல்லே என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் விரித்தேன். முன்பின் கேட்டறியாத ஒரு சொல் எதிர்ப்பட்டால் நாம் நின்று விசாரிக்கிறோம், அகராதியைப் புரட்டுகிறோம், அறிந்தவரை அணுகிக் கேட்கிறோம். தினமும் வாயில் வழங்குகிற சொல் எதிர்ப்பட்டாலோ, அதன் அர்த்தம் நம் கையில் இருப்பதாக எண்ணி அதைக் கடந்து போய்விடுகிறோம். அகராதியும் இந்த இடத்தில் பூரணமாகத் துணை செய்வதில்லை. ஏனெனில் அது ஒரு சொல்லுக்கு உள்ள பொருள்களையெல்லாம் வரிசையாக வைக்குமே அன்றி, நம் முன்னே இருக்கும் வாக்கியத்தை எழுதியவர் எந்தப் பொருளைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, எந்தத் தொழிலாளியின் வாய்மொழியைக் காதில் வைத்துக்கொண்டு எழுதினார் என்பதைச் சொல்லாது.

சித்திரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சித்திரம் என்றால் ஓவியம் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சிற்ப சாஸ்திர நூல்களில் சித்திரம் என்றால் நாற்புறமும் நிறைவாகச் செய்யப்பட்ட சிலை. பாதி உருவம் கல்லிலோ சுவரிலோ பதிந்து மற்றப் பாதி மட்டும் வெளியே தோன்றுமாறு செய்தது அர்த்த சித்திரம். சுவரிலோ துணியிலோ வர்ணத்தால் எழுதியதோ சித்திராபாசம். கேரள தேசத்தில் 16-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் இயற்றிய சில்ப ரத்தினம் இந்த வகுப்பைக் கூறுகிறது. திருவாங்கூர் சமஸ்தானத்துத் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையின் தலைவராயிருந்த து. அ. கோபிநாத ராவ், 1914 முதல் 1916 வரை வெளிவந்த தம்முடைய ஹிந்து விக்கிரகவியல் நூலில் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். எனவே ஒரு சிற்பநூலில் சித்திர லட்சணம் என்ற தலைப்பைக் கண்டவுடன் தூரிகையும் வர்ணமும் நினைவுக்கு வருமானால், வாசகர் முதல் அடியிலேயே வழி தவறியவராகிறார்.

சித்திராபாசம் என்ற சொல்லில் இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது. இன்றைய தமிழில் ஆபாசம் என்றால் நாகரிகமற்றது, பார்க்கத் தகாதது என்று பொருள். வடமொழியில் ஆபாசம் என்பது தோற்றம், சாயல், ஒன்றைப்போல் விளங்குவது என்ற அளவே. நீளமும் அகலமும் கனமும் உடைய சிலை முழு உருவம். நீளமும் அகலமும் மட்டும் உடைய சுவரில் கனம் உள்ளதுபோல் தோன்றச் செய்வது ஓவியம். ஆகவே அது சித்திரத்தின் ஆபாசம். ஓவியக் கலையை இழிவுபடுத்தும் கருத்து இதில் எள்ளளவும் இல்லை. இல்லாத கனத்தை இருப்பதுபோலக் காட்டும் ஓவியனுடைய வித்தையை, சிலை செய்பவன் தன் தொழிலின் நிலையிலிருந்து பார்த்து இட்ட பெயர் அது.

சித்திரம் என்ற இதே சொல் காவிய சாஸ்திரத்தினுள் புகுந்தவுடன் அதன் மதிப்பு தலைகீழாக மாறிவிடுகிறது. 9-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், தொனி, அதாவது குறிப்பால் தோன்றும் பொருள், இல்லாமல் சொல்லலங்காரமும் பொருளலங்காரமும் மட்டுமே உடைய செய்யுளைச் சித்திர காவியம் என்று பெயரிட்டுக் கடைசி வரிசையில் வைத்தார். காவியத்தின் படமே அன்றிக் காவியம் அன்று என்பது அவருடைய கருத்து. சிற்பியிடம் முழுமையைக் குறித்த சொல், கவிதையை ஆராய்ந்தவரிடம் வெறும் சாயலைக் குறித்தது. நம் தமிழிலோ ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்ற நால்வகைக் கவியுள் ஒன்றாகச் சித்திரகவி நின்று, நாகபந்தம், ரதபந்தம் என்று எழுத்துக்களைப் பாம்பாகவும் தேராகவும் அடைத்துக் காட்டும் திறமையைக் குறித்தது. ஒரே சொல் மூன்று சபைகளில் மூன்று ஆசனங்களில் அமர்ந்திருக்கிறது. எந்தச் சபையில் அதைச் சந்திக்கிறோம் என்பதைக் கவனியாமல் அதன் தகுதியை நிர்ணயிக்க இயலாது.

இந்த விவகாரம் ஏட்டோடு முடிவதன்று. மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் கோயில் குடைவித்ததாகக் கல்வெட்டில் பெருமிதத்தோடு கூறிக்கொண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், அந்தக் கல்வெட்டில் தன்னை விசித்திரசித்தன் என்று அழைத்துக்கொள்கிறான். அவனுடைய விருதுப் பெயர்களுள் சித்திரகாரப்புலி என்பதும் ஒன்று. மாமண்டூரில் சிதைந்த நிலையில் உள்ள கல்வெட்டில் தட்சிணசித்திரம் என்ற பெயர் காணப்படுகிறது. அது ஓவியக் கலையைப் பற்றிய ஒரு நூலின் உரை என்று அறிஞர் பலர் கொண்டிருக்கிறார்கள். அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனாலும், கல்லைக் குடைந்து கோயிலும் சிற்பமும் ஆக்குவித்த அரசனுடைய வாயில் சித்திரம் என்ற சொல், சிற்பிகளின் வழக்குப்படி எவ்வளவு விரிந்திருக்கக் கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வருவது நலம்.

வடமொழிச் சொற்களுக்கு மட்டுமே இந்த நிலை என்று எண்ண வேண்டாம். எழுத்து என்பதைக் காட்டிலும் எளிய தமிழ்ச் சொல் ஏது? பரிபாடலில் திருப்பரங்குன்றத்தைப் பற்றிய பாடலொன்றில் எழுத்துநிலை மண்டபம் என்று ஒன்று வருகிறது. அது சாசனங்கள் பொறித்த மண்டபம் அன்று. ஓவியம் தீட்டிய மண்டபம். பண்டைத் தமிழில் ஓவியத்தை எழுதினார்களே தவிர வரையவில்லை என்று சொல்லும் அளவுக்கு அந்த வினைச்சொல் ஓவியனுக்கே உரியதாக இருந்தது. அந்த மண்டபத்துக்கு வந்தவர்கள், இவன் யார், இவள் யார் என்று கேட்க, அறிந்தவர்கள் ரதி, காமன், இந்திரன், அகலிகை, கௌதமன் என்று சுட்டிக்காட்டி விளக்கும் காட்சியையும் அந்தப் பாடலில் காண்கிறோம். கலையைக் கண்டு அதற்குச் சொல்லால் விளக்கம் தரும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு பழைமையானது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

நெடுநல்வாடையிலும் மணிமேகலையிலும் புனையா ஓவியம் என்ற தொடர் வருகிறது. அலங்கரிக்கப்படாத படம் என்று மேலோட்டமாகப் பொருள் கொண்டு போய்விட்டால், ஆபரணங்களைக் களைந்து பிரிவில் வாடியிருக்கும் நெடுநல்வாடை அரசிக்கு அது பொருத்தமான உவமையே என்று திருப்தி அடைந்துவிடலாம். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அவ்வாறு விடவில்லை. வர்ணம் தீட்டாமல் வடிவத்தைக் கோட்டினால் மட்டும் எழுதிய படம் அது என்று தெளிவாக்கினார். உடனே நமக்கு இரண்டு உண்மைகள் தெரியவருகின்றன. முதலில் கோட்டினால் உருவத்தை அமைத்துப் பின்னர் வர்ணம் ஊட்டும் முறை சங்க காலத்து ஓவியர்களிடம் இருந்தது என்பது ஒன்று. அந்தக் கோட்டுருவமே தனியாக நின்று பார்ப்பவர் மனத்தைக் கவரத் தக்கதென்று புலவர் கண்டிருந்தார் என்பது மற்றொன்று. தொழிலறிந்து எழுதிய ஓர் உரைக் குறிப்பு, அரசியின் துயரத்துக்கும் சுவரின் கோட்டுக்கும் உள்ள உறவை நமக்குத் திறந்து காட்டுகிறது.

இனி மேல்நாட்டிலிருந்து வந்து நம் பத்திரிகைகளில் நிலைத்துவிட்ட ஒரு சொல்லைப் பார்ப்போம். சுவரில் எழுதிய ஓவியத்தை எல்லாம் பிரெஸ்கோ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த இத்தாலியச் சொல்லுக்குப் புதியது, ஈரம் உலராதது என்று அர்த்தம். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசிய சாந்து ஈரமாக இருக்கும்போதே, பசை எதுவும் சேர்க்காமல் நீரில் மட்டும் குழைத்த வர்ணத்தை அதன்மேல் எழுதுவதுதான் பிரெஸ்கோ. ஈரம் ஆற ஆற, சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் தன்மையை அடைகிறது. அப்போது வர்ணத் துகள்கள் அந்தக் கல்லுக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்கின்றன. சாந்து உலர்வதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால், அன்றைக்கு எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவு சுவருக்குத்தான் அன்று சாந்து பூசலாம். பிழைபட்ட கோட்டை அழிக்க முடியாது. சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசித்தான் மறுபடி எழுத வேண்டும். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காத வர்ணங்களைத் தொடவும் முடியாது. உலர்ந்த சுவரின்மேல் பசை கலந்த வர்ணத்தால் எழுதும் முறை வேறு. அதற்கு டெம்பரா என்று பெயர். அதில் ஓவியன் நாட்கணக்கில் நின்று, ஒரு வர்ணத்தின்மேல் மற்றொன்றை ஏற்றி, திருத்தித் திருத்திப் போகலாம்.

அஜந்தா ஓவியங்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நார் முதலியன கலந்த மண்சாந்தின்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சிட்டு, அது உலர்ந்த பிறகு பசை கலந்த வர்ணத்தால் எழுதியவை. ஆயினும் 1909 முதல் 1911 வரை நந்தலால் போஸ் முதலிய இளைஞர்களின் துணையோடு அங்கே பிரதிகள் எடுத்த லேடி ஹெரிங்ஹாமின் படத்தொகுதி, 1915-ல் அஜந்தா பிரெஸ்கோக்கள் என்ற பெயரோடுதான் லண்டனில் வெளியாயிற்று. அவ்வம்மையாரோ, சென்னீனோ சென்னீனி என்ற பழைய இத்தாலிய ஓவியரின் தொழில்நூலை 1899-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். டெம்பரா முறைக்கு இங்கிலாந்தில் புத்துயிர் அளித்தவர்களுள் முதல் வரிசையில் நின்றவர். அந்த முறையைக் கை படிந்து அறிந்தவருடைய நூலின் முகப்பிலேயே பிரெஸ்கோ என்ற சொல் ஏறிக்கொண்டதென்றால், வழக்கத்தின் வலிமை எத்தகையது என்பதை நாம் உணரலாம்.

பெயர் எதுவானால் என்ன, படம் அழகாயிருந்தால் போதாதா என்று கேட்பவர் தஞ்சைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ராஜராஜன் எடுப்பித்து 1010-ல் நிறைவுற்ற பெரிய கோயிலின் கர்ப்பக்கிருகத்தைச் சுற்றியுள்ள இருண்ட பிராகாரத்தில், நாயக்கர் காலத்துப் படங்களுக்குக் கீழே சோழர் காலத்து ஓவியம் மறைந்திருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டு உலகுக்கு அறிவித்தார். சென்னைப் பொருட்காட்சி சாலையில் ரசாயன நிபுணராயிருந்த எஸ். பரமசிவன் அந்தச் சாந்தையும் வர்ணத்தையும் சோதித்து, சோழர் ஓவியம் ஈரச் சுண்ணாம்பில் எழுதிய உண்மையான பிரெஸ்கோ என்று நிரூபித்தார். இதை அறிந்த பிறகு அந்தச் சுவரைப் பார்ப்பது வேறுவகைப் பார்வை. திரிபுராந்தகரின் புருவத்திலும், ஆடும் பெண்களின் இடை வளைவிலும் ஓடும் கோடு, திரும்பிப் போய்த் திருத்திக்கொள்ள வழியில்லாத கையின் கோடு என்று தெரிகிறது; சாந்து காய்வதற்குள் விளக்கொளியில் எழுதி முடித்த மனிதருடைய நிச்சயம் அந்தக் கோட்டில் நமக்குப் புலப்படுகிறது. பிரெஸ்கோ என்ற சொல்லை எல்லாச் சுவருக்கும் பொதுவாக்கிவிட்டால் இந்த வித்தியாசம் நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. நஷ்டம் ரசனையோடு நிற்பதுமில்லை. பசையால் ஒட்டிய வர்ணத்துக்கு நீர் பெரும் பகை; கல்லுக்குள் அகப்பட்ட வர்ணம் நீருக்கு அவ்வளவாக அஞ்சாது. சுவரைச் சுத்தம் செய்யப் புகுபவருக்கு எது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஓவியமே அழிந்துபோகும். ஆகையால் பொதுவாகச் சொல்லுமிடத்தில் சுவரோவியம் என்ற நல்ல தமிழ்ச் சொல்லையே ஆளுவதும், ஈரச் சாந்தில் எழுதியதென்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் பிரெஸ்கோ என்று எழுதுவதுமே முறை.

ரஸம் என்ற சொல்லை இங்கே தொடாமல் போக முடியாது. கலை விமரிசனத்தில் அதைவிட அதிகமாகப் புரளும் சொல் வேறில்லை. 12-ஆம் நூற்றாண்டுச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில் ரஸ சித்திரம் என்று ஒரு வகை கூறப்படுகிறது. சிருங்காரம், கருணை முதலியவற்றை எழுப்பும் சித்திரம் என்றுதான் எவரும் நினைப்பார். அரசன் சொல்வதோ, நீராகக் கரைத்த வர்ணத்தால் எழுதிய படம் என்பது. உலர்ந்த பொடியால் இடும் தூளி சித்திரத்துக்கு, அதாவது நம் வாசற் கோலத்தின் இனத்துக்கு, எதிராக நிற்பது அது. சிருங்காரம் முதலியவற்றைத் தோற்றுவிக்கும் படத்தை அவன் பாவ சித்திரம் என்று வேறாக வைத்தான். பின்வந்த சில்ப ரத்தினமோ ரஸ சித்திரம் என்பதற்கே உணர்ச்சியை எழுப்பும் படம் என்று பொருள் கொண்டது. இரண்டு நூலையும் கலந்து மேற்கோள் காட்டி ரஸத்தைப் பற்றி ஒருவர் எழுதுவாரானால், அவர் ஒரு பக்கத்தில் வர்ணக் கிண்ணத்தைப் பற்றியும் மறுபக்கத்தில் மனித இதயத்தைப் பற்றியும் பேசுகிறவர் ஆவார்.

சாதிருசியம் என்ற சொல்லைப் பற்றிய விவாதம் இவற்றைக் காட்டிலும் ஆழமானது. காமசூத்திரத்துக்கு ஜயமங்களா என்ற உரை எழுதிய யசோதரர், ரூபபேதம், பிரமாணம், பாவம், லாவண்யயோஜனம், சாதிருசியம், வர்ணிகாபங்கம் என்று ஓவியத்துக்கு ஆறு அங்கங்களைக் கூறுகிறார். வங்காளத்து ஓவிய மறுமலர்ச்சிக்குத் தலைவராயிருந்த அவனீந்திரநாத தாகூர் இந்த ஆறையும் விரித்து எழுதியதிலிருந்து இவை பாரத ஓவியக் கலையின் வேதவாக்கியமாகவே கருதப்பட்டு வருகின்றன. சாதிருசியம் என்பதற்கு ஒத்திருத்தல் என்று அர்த்தம். எதோடு ஒத்திருத்தல்? கொழும்பில் சர் முத்து குமாரசுவாமியின் புதல்வராகப் பிறந்து, 1917 முதல் 1947-ல் காலமாகும் வரை அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பொருட்காட்சி சாலையில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி, 1934-ல் வெளியிட்ட நூலில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். வெளியுலகப் பொருளின் நகலாக இருத்தலை அந்தச் சொல் குறிக்கவில்லை என்றும், ஓவியன் உள்ளத்தில் கண்ட கருத்துக்கும் அவன் எழுதிய உருவத்துக்கும் இடையே உள்ள இசைவையே குறிக்கிறது என்றும் வாதித்தார். மேல்நாட்டார் நம் கலையை, உடற்கூறு அறியாதவர்களின் கலை என்று இகழ்ந்துவந்த காலத்தில் அந்த வாதம் நமக்கு எவ்வளவு தைரியத்தை அளித்தது என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆயினும் அந்தப் பெரியாரிடம் உள்ள மதிப்பு குறையாமலே, சொல் நிற்கும் இடத்தையும் நாம் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். யசோதரர் ஆறு அங்கங்களைக் கூறுவது ஆலயத்தின் தியான மூர்த்தியைப் பற்றிய நூலில் அன்று. நகரத்து நாகரிக புருஷன் கற்க வேண்டிய அறுபத்துநான்கு கலைகளுக்கு உரை சொல்லுமிடத்தில். அத்தகைய புருஷன் எழுதிய படம் பெரும்பாலும் காதலியின் பிரதிமை. சாகுந்தலத்தின் ஆறாம் அங்கத்தில் துஷ்யந்தன் தான் எழுதிய படத்தில் உள்ள வண்டை உண்மை வண்டென்று எண்ணி அதட்டுவதும், அது படம் என்று விதூஷகன் நினைவூட்டுவதும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் ஆற்றலை நம் முன்னோர் எவ்வளவு போற்றினார்கள் என்பதைக் காட்டும். மானசோல்லாசமும் கண்ணாடியில் தோன்றும் பிரதிபிம்பம்போல எழுதும் படத்தை வித்த சித்திரம் என்று பெயரிட்டு, அங்கே சாதிருசியம் என்ற இதே சொல்லை ஆளுகிறது. ஆகவே மனிதப் பிரதிமையைப் பற்றிப் பேசுமிடத்தில் அந்தச் சொல்லுக்கு முகச்சாயல் என்றே பொருள் கொள்வது நேர்மை என்பது என் அபிப்பிராயம். எவரும் ஊனக் கண்ணால் கண்டிராத தெய்வத்தின் உருவத்தைப் பேசுமிடத்தில், தியான சுலோகத்தில் கண்டதற்கு ஒத்திருத்தல் என்று குமாரசுவாமியின் வழியில் கொள்ளலாம். ஒரு பொருளை நிலைநாட்டுவதற்காக மற்றொன்றை இல்லையென்று சொல்வது அவசியமில்லை.

தற்கால ஓவியத்துக்கு வந்தால் அரூபம் என்ற சொல் நிற்கிறது. சைவ சித்தாந்தத்தில் அருவம், உருவம், அருவுருவம் என்று கேட்டுப் பழகிய நமக்கு, அரூப ஓவியம் என்றால் உருவமே இல்லாதது என்று தோன்றுவது இயல்பு. மேல்நாட்டு மூலச்சொல்லின் கருத்தோ, ஒன்றிலிருந்து பிரித்து எடுத்தல், சாரத்தை வடித்தல் என்பது. ஹாலந்து தேசத்து ஓவியர் மாந்திரியான் 1911-ல் எழுதிய சாம்பல் நிற மரத்தையும், அதற்கு அடுத்த ஆண்டு எழுதிய பூத்த ஆப்பிள் மரத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கிளைகளிலிருந்து வளைவுகள் மட்டும் எவ்வாறு பிரிந்து வருகின்றன என்பது கண்ணுக்கே தெரியும். உருவம் அங்கே மறைந்து போகவில்லை, மரம்தான் மறைந்தது. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்து, 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கர், சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையில் எழுத்துக்களையும் ஜாதகக் கட்டங்களையும் நிரப்பிப் படங்கள் எழுதினார். அவற்றின் முன் நின்று எழுத்துக்கூட்டிப் படிக்க முயல்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த எழுத்துக்கள் கோடாகவும் வரிசையாகவும் பார்ப்பதற்கே அமைந்தவை. பெயரில் சொற்கள் என்று இருப்பதைக் கொண்டு வாசகத்தைத் தேடுவது, 124 அங்குலத்துக்கு அடிக்கோலைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டில் கலையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் நூல் வெளியிடுகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சுவாமிமலையிலும், 1957-ல் சிற்பக் கல்லூரி தொடங்கப்பெற்ற மாமல்லபுரத்திலும், இந்தச் சொற்களைத் தினந்தோறும் கையாலும் வாயாலும் வழங்கும் ஸ்தபதிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று, ஒவ்வொரு சொல்லையும் அது குறிக்கும் அவயவத்தோடும் கருவியோடும் வேலையோடும் படம் எடுத்து, எளிய தமிழில் விளக்கி, சாதாரண மக்கள் வாங்கக் கூடிய விலையில் ஒரு சொற்கோவையாக வெளியிட வேண்டும். பொருட்காட்சி சாலையை நடத்துகிறவர்கள், உத்தம தச தாளம் என்று சீட்டில் எழுதி வைக்கும்போது, விக்கிரகத்தின் பக்கத்தில் முகம் முதல் பாதம் வரை பகுப்புகளைக் காட்டும் ஒரு கோட்டுப் படத்தையும் வைக்க வேண்டும். வாசகர்களும், கலையைப் பற்றிய கட்டுரையில் நன்றாகத் தெரிந்த சொல் ஒன்று வரும்போது, எழுதியவர் எந்தப் பொருளைப் பார்த்து இதைச் சொன்னார் என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டுரையில் அதற்கு விடை இல்லையானால், எழுதியவருக்கே கடிதம் போட்டுக் கேட்பதில் தவறில்லை.